எழுத்தில் ஒன்று, ஓதலில் வேறு

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு நிக்காஹ் வீட்டுக்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவ்வீட்டு மூதாட்டி ஒருவர், முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வாசற்படியருகே வந்து உட்கார்ந்தார். ஏதோ கேட்க நினைக்கிறார், கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சொல்லுங்கம்மா" என்றோம்.

"பேரன் மத்ரஸாவுல ஓதுறான் தம்பி. போன மாசம் நான் தொழுதுக்கிட்டிருந்தப்போ பக்கத்துல இருந்தான். ஸலாம் கொடுத்ததும், 'நன்னி, நீங்க ஓதுறது தப்பு. நீங்க சொல்ற குல்லுக்குத் தின்னுன்னு அர்த்தம்'னு சொல்லிச் சிரிச்சுட்டான். அன்னையிலிருந்து வாயைத் தொறக்கவே பயமா இருக்கு. குனிஞ்சு நிமிர்றேன், சூரா ஓத நாக்கு வரமாட்டேங்குது. நாப்பது வருஷமாத் தொழுததெல்லாம் வீணாப் போச்சா?"

அந்தக் கேள்வி நம் நெஞ்சைத் தைத்தது. பேரன் சொன்னது பொய்யன்று. நன்னி அஞ்சியதும் வீணன்று. ஆனால் ஓதலைத் திருத்த வேண்டிய ஒரு சொல், ஓதலையே நிறுத்திவிட்டது! இந்நிலை அந்த ஒரு வீட்டில் மட்டுமா இருக்கிறது? தமிழெழுத்தில் அச்சிட்ட சூராப் புத்தகத்தைப் பார்த்து ஓதக் கற்ற எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

குழப்பம் எங்கே பிறக்கிறது?

அரபு மொழிக்கு எழுத்துகள் 28. அவற்றுள் பலவற்றுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. இது தமிழின் குறையன்று. ஒவ்வொரு மொழியும் தன் ஒலிகளுக்கே எழுத்து வைத்திருக்கும். ஆனால் அரபுச் சொல்லைத் தமிழில் எழுதும்போது, மூன்று நான்கு அரபு எழுத்துகள் ஒரே தமிழெழுத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. இரு புள்ளி வைத்த காஃபும், புள்ளியில்லாத காஃபும் நமக்கு 'க'தான். ஸீனும் ஸாதும் 'ஸ'தான். ஐனும் அலிஃபும் 'அ'தான். எழுத்தில் ஒன்றாகிவிட்டதை நாவும் ஒன்றாகவே சொல்கிறது. பொருளோ எங்கேயோ போய்விடுகிறது.

நாம் அன்றாடம் ஓதும் சொற்களிலிருந்தே சில இணைகளைப் பார்ப்போம்.

குல், கல்பு

'குல்' என்று தொடங்கும் நான்கு சூராக்களைச் சிறு பிள்ளையும் அறியும். அங்கே 'குல்' என்பதற்கு 'நபியே, நீர் கூறுவீராக' என்று பொருள். அது இரு புள்ளிக் காஃப். அதையே புள்ளியில்லாத காஃபைக் கொண்டு சொன்னால் 'உண்பாயாக' என்றாகிவிடும். 'நஹ்ல்' சூராவில் தேனீயை நோக்கி எல்லாக் கனிகளிலிருந்தும் உண் என்று இறைவன் கட்டளையிடுவது இந்தச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

'கல்பு' என்பதும் அவ்வாறே. இரு புள்ளிக் காஃபால் சொன்னால் இதயம். செல்வமும் மக்களும் பயன்தராத நாளில் தூய்மையான இதயத்துடன் வருவோரே ஈடேறுவர் என்று 'ஷுஅரா' சூரா கூறுமிடத்தில் வருவது அது. புள்ளியில்லாக் காஃபால் சொன்னால் நாய். 'கஹ்ஃப்' சூராவில் குகைவாசிகளுடன் இருந்ததாகச் சொல்லப்படுவது அது. ஒருவர் 'என் கல்பைத் தூய்மையாக்குவாயாக' என்று அழுது துஆக் கேட்கும்போது நாவு சற்றுப் பிசகினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

பிரித்தறியும் வழி எளிது. 'கல்', 'கண்' என்னும்போது நாம் சொல்லும் 'க', புள்ளியில்லாக் காஃபுக்கு நெருங்கியது. இரு புள்ளிக் காஃபோ அதற்கும் பின்னே, நாவின் அடிவேர் உள்நாக்கை ஒட்டித் தொடுமிடத்தில் பிறப்பது, கனத்து ஒலிப்பது.

அலீம், அலீம்

தமிழில் எழுதினால் இவ்விரண்டுக்கும் ஒரு புள்ளி வேறுபாடும் இல்லை. ஐனில் தொடங்கும் 'அலீம்' அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. 'எல்லாம் அறிந்தவன்' என்பது பொருள். அலிஃபில் தொடங்கும் 'அலீம்' என்பதற்கு 'நோவினை தருவது' என்று பொருள். வேதனையைக் குறிக்குமிடங்களில் வருவது. 'பகரா' சூராவின் தொடக்கப் பகுதியிலேயே இரண்டும் வருகின்றன: 10ஆம் வசனத்தில் நோவினை, 29ஆம் வசனத்தில் இறைவனின் அறிவு.

'அமல்' என்பதும் இத்தகையதே. ஐனில் தொடங்கினால் செயல். அலிஃபில் தொடங்கினால் ஆசை, எதிர்பார்ப்பு. செயலில்லாத ஆசை எவருக்கும் கரை சேர்க்காது என்பதை இந்த இணையே நமக்குப் பாடமாகச் சொல்கிறது.

அலிஃபின் ஒலி நம் 'அம்மா'வில் வரும் 'அ'தான். ஐன் நடுத்தொண்டை சற்று இறுகி அங்கிருந்து எழுவது. இது ஏட்டில் எழுதி விளங்க வைக்கக்கூடியதன்று, கேட்டுப் பழகவேண்டியது.

நஸ்ர், ஸைஃப்

'நஸ்ர்' சூராவின் முதல் வசனம் அல்லாஹ்வின் உதவி வருவதைக் கூறுகிறது. அங்கே 'நஸ்ர்' ஸாதினால் ஆனது. உதவி என்று பொருள். ஸீனினால் சொன்னாலோ அது ஒரு சிலையின் பெயர்! நூஹ் (அலை) அவர்களின் கூட்டத்தார் கைவிட மறுத்த ஐந்து சிலைகளின் பெயர்கள் 'நூஹ்' சூராவின் 23ஆம் வசனத்தில் வருகின்றன. அவற்றுள் இறுதிப் பெயர் 'நஸ்ர்'. கழுகைக் குறிக்கும் சொல்லும் அதுவே. அல்லாஹ்வின் உதவி எங்கே, நூஹுடைய கூட்டத்தாரின் சிலை எங்கே!

'குறைஷ்' சூராவில் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் கூறப்படுகின்றன. ஸாதினாலான 'ஸைஃப்' கோடை, ஸீனினாலானது வாள்.

ஸீன், நாம் 'ஸலாம்' சொல்லும்போது வரும் மெல்லிய ஒலி. ஸாதுக்கு நாவின் பின்பகுதி மேலண்ணத்தை நோக்கி உயர வேண்டும். ஒலி வாய் நிறைந்து கனத்து வரும். உதட்டைக் குவித்துக் கனமாக்க முயல்வோர் உண்டு, அது சரியன்று.

தீன் என்னும் மூன்று சொற்கள்

இங்கே இணை போதாது, மூன்றாகிவிடுகிறது. பாத்திஹாவில் தீர்ப்பு நாளைக் கூறுமிடத்தில் வருவது 'தால்' என்னும் எழுத்தாலான தீன். மார்க்கம் என்பதும் இதன் பொருளே. அத்திப்பழத்தின் மீது இறைவன் சத்தியமிடும் சூராவில் வருவது, மேலே இரு புள்ளியுள்ள மெல்லிய 'தா'வாலானது. மனிதன் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்று 'அன்ஆம்' சூராவில் கூறுமிடத்தில் வருவது கனத்த 'தா'வாலானது. மார்க்கமும் அத்தியும் களிமண்ணும் தமிழில் ஒரே 'தீன்'!

தமிழர் நாவுக்கு இதில் ஓர் உதவி உண்டு. 'தம்பி' என்பதில் வரும் 'த' மெல்லிய 'தா'வுக்கு நெருங்கியது. 'பந்து' என்பதில் வரும் 'து'வில் உள்ள ஒலி தாலுக்கு நெருங்கியது. நாம் அறியாமலே இரண்டையும் சரியாகச் சொல்லி வருகிறோம். கனத்த 'தா'வை மட்டும் புதிதாகப் பழகினால் போதும்.

பெயரிடும்போதும் கவனம்

பிள்ளைக்கு 'ஹாமித்' என்று பெயரிடுகிறோம். 'ஹம்து' என்பதிலுள்ள ஹா கொண்டு சொன்னால் 'இறைவனைப் புகழ்பவன்' என்று பொருள். 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தின் இறுதியிலுள்ள ஹா கொண்டு சொன்னால் 'உயிரற்றது, வறண்டது' என்றாகும். 'ஹஜ்' சூராவில் மழைக்கு முன் வறண்டு கிடக்கும் பூமிக்கு இந்தச் சொல்லே வருகிறது. 'காலிக்' என்பது படைத்தவனின் திருநாமம். அதையே 'ஹம்து'வின் ஹா கொண்டு 'ஹாலிக்' என்றால் தலைமயிர் மழிப்பவர் என்று பொருள். அப்துல் காலிக் என்று அழைக்கும் வீட்டார் இதனை அறிந்திருத்தல் நன்று.

நீட்டலும் குறுக்கலும்

எழுத்து மாறுவது மட்டுமன்று, அவசரத்தில் நீட்டிக் குறைப்பதும் பொருளைக் கெடுக்கும். தக்பீரில் 'அல்லாஹு' என்பதன் முதலெழுத்தை 'ஆ' என்று நீட்டினால் 'அல்லாஹ்வா பெரியவன்?' என்று கேட்பதாக ஆகிவிடும். 'அக்பர்' என்பதை 'அக்பார்' என்று நீட்டினால் முரசுகளைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்று சட்ட மேதைகள் எச்சரித்துள்ளார்கள்.

பாத்திஹாவில் 'அன்அம்த' என்றால் 'நீ அருள் புரிந்தாய்'. இறுதியில் உகரம் சேர்த்து 'அன்அம்து' என்றால் 'நான் அருள் புரிந்தேன்'. படைத்தவனுக்குரியதை அடியான் தனக்கென்று சொல்லிக்கொள்வதாகிவிடும், அல்லாஹ் காப்பாற்றுவானாக! 'இய்யாக' என்பது 'உன்னையே' எனப் பொருள்படும். அதிலுள்ள ஷத்தை விட்டு 'இயாக' என்றால் சூரிய ஒளியைக் குறிக்கும் சொல்லாகும் என்பர். பிஸ்மியுடன் சேர்த்துப் பாத்திஹாவில் 14 ஷத்துகள் என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் எண்ணி வைத்திருப்பது வீணுக்கன்று.

அப்படியானால் தொழுகை?

நன்னியின் கேள்விக்கு வருவோம். ஓதுபவர் தவறுவதைப் பற்றி நம் இமாம்கள் தனிப் பாடமே வகுத்துள்ளார்கள். ஒவ்வொரு மத்ஹபிலும் விவரங்கள் உண்டு. தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. ஆயினும் அடிப்படை ஒன்று உண்டு: முயன்றும் நாவு வராதவருக்கு மன்னிப்பு உண்டு; கற்க வாய்ப்பிருந்தும் சோம்பியிருப்பவர் அந்த மன்னிப்பைக் கேட்க இயலாது. எவரையும் அவர் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது 'பகரா' சூராவின் இறுதி வசனத்தில் உள்ளது.

ருகூவில் சொல்லும் தஸ்பீஹில் 'அளீம்' என்னும் சொல்லின் நடுவெழுத்தைச் சரிவரச் சொல்ல இயலாதவர், பொருள் கெடாதிருக்க, அதனிடத்தில் 'கரீம்' என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று ஹனஃபி சட்ட நூல்களில் காணப்படுகிறது. பாருங்கள், நாவு வராதவரை அவர்கள் தொழுகையைவிட்டு விரட்டவில்லை. அவருக்கு வேறொரு வழி காட்டினார்கள்.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார் என்றும், திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் நவின்றதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. ஆனால் இரு கூலி முயல்பவருக்கு என்பதை மறந்துவிடலாகாது.

வாயிலிருந்து காதுக்கு

நம் முன்னோர் இந்த இடரை நன்கு அறிந்திருந்தார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளி முதலியன கூட்டி, அரபுத்தமிழ் என்னும் எழுத்து முறையை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியோர் மார்க்க நூல்களை அவ்வெழுத்தில் தந்தார்கள். அதனை வாசித்த பெண்மணிக்கு இரு காஃபும் இருவேறு எழுத்துகளாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. அவ்வழக்கம் அருகி, அச்சிட்ட தமிழெழுத்தே போதும் என்று நாம் அமைந்தபோது அந்தக் காவல் நம்மைவிட்டு நீங்கிற்று.

இன்று கைப்பேசியில் சிறந்த காரீகளின் ஓதலை நாள் முழுதும் கேட்கலாம். கேட்பது நல்லதே. எனினும் எதிரில் அமர்ந்து நம் வாயைப் பார்த்து, 'இன்னும் சற்று உள்ளிருந்து' என்று சொல்லும் உஸ்தாதுக்கு அது ஈடாகாது. நால்வரிடமிருந்து குர்ஆனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பெயர் கூறிச் சொன்னார்கள். அந்நால்வருள் ஒருவர், அபூ ஹுதைஃபா (ரலி) அவர்களால் ஆதரிக்கப்பட்ட ஸாலிம் (ரலி) அவர்கள். அன்னார் பிறப்பால் அரபியர் அல்லர் என்று வரலாறு கூறுகிறது. ஆயினும் நபிகளார் வருமுன் குபாவில் முதல் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்று தொழ வைத்தவர் அவரே. அரபியராகப் பிறவாதது நமக்கு ஒரு சாக்காகாது.

திருத்துபவருக்கு ஒரு சொல்

திருத்துவதற்கும் ஒழுக்கம் உண்டு. முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்கள், தொழுகையில் பேசலாகாது என்று அறியாமல் ஜமாஅத்தின் நடுவே பேசிவிட்டார்கள். மக்கள் முறைத்துப் பார்த்தார்கள். தொழுகை முடிந்தபின் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகை எதற்குரியது என்பதை விளக்கினார்கள். அதைவிடச் சிறந்த ஆசானைத் தாம் கண்டதில்லை என்று அவரே பின்னாளில் கூறியதை முஸ்லிமில் காண்கிறோம்.

நாம் விடைபெறுமுன் அந்தப் பேரனை அழைத்தோம். "தம்பி, நீ சொன்னது சரி, சிரித்ததுதான் சரியில்லை. உன் ஹஜ்ரத்திடம் நீ கற்றதை இனி இஷாவுக்குப் பின் தினம் ஒரு சொல்லாக நன்னிக்குச் சொல்லிக்கொடு" என்றோம். அவன் தலை குனிந்து நின்றான். பிறகு நன்னியின் அருகில் அமர்ந்து, வாயைத் திறந்து காட்டி, 'குல்' என்றான். நன்னி சொன்னார், வரவில்லை. மறுபடியும் சொன்னார், பாதி வந்தது. "இது வர ரமளான் ஆயிடும்டா" என்றார். ஒரு மாதத்துக்குப் பின் அவர் நாவில் சூரா எழுந்ததே, அதுவே பெரிது.

உங்கள் வீட்டிலும் இன்றிரவே தொடங்குங்கள். முதலில் பாத்திஹா, பிறகு நான்கு குல். தெரிந்தவர் சிரிக்காமல் சொல்லிக்கொடுக்கட்டும். தெரியாதவர் வெட்கப்படாமல் கேட்கட்டும்.

வல்ல நாயன் நம் நாவுகளைச் சீராக்கி, கல்புகளைத் தூய்மையாக்கி, நம் குறையுள்ள தொழுகைகளைத் தன் அருளால் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.