இல்லக் கல்வியும் சிறார் வினாவும்

மக்களைப் பள்ளிக்கு விடுத்தலின்றி இல்லத்திலேயே கற்பிக்கும் பெற்றோர் இந்நாளிற் பல நாடுகளினும் உளர். அவருட் சிலர், எழுத்தும் எண்ணும் கற்பித்தலோடு அமையாது, உலகு உயிர் இறை என்னும் பொருள்களைப் பற்றியும் மக்களோடு உரையாடி ஆராய விழைகின்றனர். விழைவு நன்றே. ஆயினும், அவ்வுரையாடல் மெய்யாகவே ஆராய்ச்சியாக நிகழ்கின்றதோ, அன்றிப் பெற்றோர் முன்னரே கொண்ட முடிபை மகவின் வாயினின்று வருவித்துக்கொள்ளும் சூழ்ச்சியாகின்றதோ என்பது எண்ணற்பாலது.

ஆங்கில நாட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் காட்டுதும். 1806-ஆம் ஆண்டிற் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில் என்பார் பள்ளி புகாதவர். தந்தையாராகிய ஜேம்ஸ் மில் என்பாரே அவர்க்கு ஆசிரியர். மூன்றாம் வயதிற் கிரேக்கமும், எட்டாம் வயதில் இலத்தீனும், பன்னிரண்டாம் வயதளவில் தருக்கமும் தொடங்கினார். தந்தையார் காலையுணவிற்கு முன் உலாவச் செல்லுங்கால் மைந்தரும் உடன்சென்று, முன்னாட் படித்தவற்றை எடுத்துரைப்பர். சிந்தித்து அறியக்கூடிய எதனையும், மைந்தர் தாமே முயன்று இளைத்த பின்னரன்றித் தந்தையார் சொல்லிலர். இவையெல்லாம் 1873-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் மில் கூறியன.

அந்நூலிலேயே பிறிதொன்றும் உளது. 'என்னைப் படைத்தவர் யார்?' என்னும் வினாவிற்கு விடை காண்டல் இயலாது. கடவுள் என்று கூறின், அக்கடவுளைப் படைத்தவர் யார் என்னும் வினா உடனே எழும் எனத் தந்தையார் கற்பித்தனராம். சமய வரலாறுகளைப் படிப்பித்தலையும் அவர் ஒழித்தாரல்லர். அஃது அவர்க்குப் பெருமையே. ஆயினும், ஏனையவற்றில் 'நீயே தேடுக' என விடுத்தவர், இவ்வொரு வினாவில் முடிபைத் தாமே கையிற் கொடுத்துவிட்டனர். 'கடவுளே படைத்தார், மேலே கேளாதே' என்று அதட்டும் பத்தரும், 'விடையில்லை' என்று முடித்துக் கூறிய அவரும் செய்தது ஒன்றே, இருவரும் கதவடைத்தனர்.

அத்தொடரின் ஆற்றலும் சிறிதன்று. பெற்றோரை இளமையில் இழந்து, பாட்டியார் மனையிலே தனியாசிரியர்பாற் பயின்ற பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்பார், தமது பதினெட்டாம் வயதில் அதனைப் படித்த அளவிலே முதற்காரண வாதத்தைக் கைவிட்டதாக 1927-ஆம் ஆண்டு நிகழ்த்திய சொற்பொழிவில் உரைத்தனர்.

சைவ மனையில் இவ்வினா எழுமாயின் என் செய்வது? 'உன்னைக் கடவுள் படைத்தார்' என்று வாளா கூறும் தந்தை, தம் சித்தாந்தத்திற்கே மாறாகக் கூறினாராவர். என்னை? பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்பதன்றோ நம் கொள்கை? உயிரை ஒருவரும் படைத்திலர். உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் மாயையினின்று உயிர்ப்பொருட்டு ஆக்கப்பெற்றன. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உள்ளது எதற்கும் ஆக்குவோன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் மேற்கோள் அன்று. தோன்றி அழிவதற்கே ஆக்குவோன் வேண்டும் என்பதே அதன் மேற்கோள். ஆகலின், இறைவனை ஆக்கியவர் யார் என்னும் வினா சித்தாந்தத்தை அத்துணை எளிதில் வீழ்த்தாது.

இதனையும் பாடமாக ஒப்புவித்துவிடல் ஆகாது. குடத்தையும் மரத்தையும் மகவின் முன்னிறுத்தி, இவற்றுள் தோன்றியது யாது, அதனை எவ்வாறு அறிந்தாய் என வினவுதல் தகும். விடை பிழையாயினும் அதற்கு ஏது கேட்டல் வேண்டும். ஏது கேளாது திருத்துதல் அடக்குதலேயாம்.

இல்லக் கல்விக்கு ஒரு குறை உண்டு. மறுத்துரைக்கும் ஒத்த சிறார் ஆண்டு இலர். மில்லும் பிற சிறுவரோடு பழகவிடப்படாமலே வளர்ந்தவர். உணவளிப்பவரும் ஒறுப்பவருமாகிய தந்தையே வாதியுமாயின், அவர் சொல்லை எக்குழவிதான் மறுக்கத் துணியும்? ஆதலின், அருணந்தி சிவாசாரியார் சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்து, உலகாயதர் முதலியோர் கொள்கையைக் கூறி மறுத்த பின்னரே சுபக்கம் கூறியவாறு, தந்தையும் ஒரோவழிப் பரபக்கத்தாராய் அமர்ந்து, மகவைத் தம்மை மறுக்கச் செய்தல் வேண்டும். அப்பரபக்கமும் மெலிந்ததாய் இருத்தல் ஆகாது. முதியராகிய அச்சிவாசாரியாரே இளையராகிய மெய்கண்டாரை ஆசிரியராகக் கொண்டவர் என்பதையும் பெற்றோர் நினைதல் நன்று.

'உயிர் அநாதியாயின், உலகமும் ஆக்குவோனின்றி அவ்வாறே இருத்தல் ஆகாதோ?' என மகவு கடாவக்கூடும். உலகின் உறுப்புக்கள் தோன்றி அழிதலின் உலகமும் அத்தன்மைத்து எனத் தந்தை விடுத்தல் கூடும். 'உறுப்பு அழியின் முழுதும் அழியுமென்பது எங்ஙனம்?' என்று அது மீட்டும் கேட்குமாயின், அன்றைப் பாடம் அத்துணையில் நிற்க. மறுநாட் காலையும் அதுவே பாடம்.