மரங்களோடு பேசியவர்

கில்ராய் என்றால் கலிபோர்னியாவின் பே ஏரியா தமிழர்களுக்குப் பூண்டு ஊர். குழந்தை உள்ளவர்களுக்கு அங்குள்ள கில்ராய் கார்டன்ஸ் கேளிக்கைப் பூங்காவும் தெரியும். ராட்டினத்துக்கு ஓடுகிற அவசரத்தில் பலரும் அங்குள்ள சர்க்கஸ் மரங்களை ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். கூடை மரத்தின் முன்னாலாவது கொஞ்சம் நிற்க வேண்டும். ஆறு சிகமோர் கன்றுகளை வட்டமாக நட்டு, குறுக்கும் நெடுக்குமாக வளைத்து, சந்திக்கும் இடமெல்லாம் ஒட்டவைத்து, டைமண்டு டைமண்டாகப் பின்னி வளர்த்தது. உச்சியில் ஆறும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

வளர்த்தவர் ஆக்சல் எர்லண்ட்சன், ஒரு பீன்ஸ் விவசாயி. வேலியோரம் இரண்டு மரங்கள் தாமாகவே ஒட்டி வளர்ந்திருந்ததைப் பார்த்து, 1920களில் தொடங்கினார். நம் ஊர் மாங்கன்று நாற்றங்காலில் செய்கிற நெருக்கு ஒட்டுதான். இரண்டு தண்டிலும் பட்டையைச் சீவி, உள்ளிருக்கும் பச்சை ஒன்றையொன்று தொடும்படி இறுக்கிக் கட்டினால் சேர்ந்துவிடும். மாங்கன்றுக்குச் சில மாதம் போதும். இவருக்கோ ஒரு மரத்துக்கே வருடக்கணக்காயிற்று. 1947இல் சான்டா க்ரூஸ் பக்கம் ஸ்காட்ஸ் வேலியில் 'ட்ரீ சர்க்கஸ்' என்று டிக்கெட் போட்டுக் காட்டினார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும் பிள்ளைகளிடம், மரங்களோடு பேசுவேன் என்பாராம். அழகான பதில்தான். ஆனால் கேட்டவர் வாயை அடைத்துவிடும் பதிலும்கூட. திரை கட்டி மறைவில் வேலை செய்தவர், தொழிலை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1963இல் தோட்டத்தை விற்றார். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

அப்புறம் கவனிப்பாரில்லாமல் பல மரங்கள் பட்டுப்போயின. 1970களில் மார்க் ப்ரிமாக் என்ற இளைஞர், பின்னாளில் கட்டடக் கலைஞர், சிலரைச் சேர்த்துக்கொண்டு அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து தண்ணீர் விட்டிருக்கிறார். திருட்டுத்தனமாக ஊற்றிய அந்தத் தண்ணீரை எர்லண்ட்சனின் கலையில் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். 1980களில் மைக்கேல் போன்ஃபான்டே என்ற மளிகைக் கடைத்தொடர் முதலாளி, மிஞ்சிய இருபத்துச் சொச்சம் மரங்களை வாங்கி வேரோடு பெயர்த்து கில்ராய்க்குக் கொண்டுவந்தார்.

மேகாலயாவில் காசி, ஜைந்தியா மக்கள் இதே வேலையை வேறு மாதிரி செய்கிறார்கள். ஓடைக்கரையில் ஆல் இனத்து ரப்பர் மரத்தை நட்டு, அதன் விழுதுகளைக் குடைந்த பாக்கு மரத் தண்டுக்குள் விட்டு அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். அது ஆள் நடக்கிற பாலமாக ஒரு தலைமுறைகூட ஆகலாம். பேரன் புது விழுதை எடுத்துப் பழையதோடு பின்னுகிறான். அவனைப் பார்த்து அவன் பிள்ளை கற்றுக்கொள்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்தப் பாலங்கள் இருக்கின்றன. இன்னார் கட்டியது என்று பெரும்பாலும் யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. தொழில் ரகசியமும் இல்லை.

உயிரோடு வளரும் கட்டடம் பே ஏரியாவிலும் ஒன்று உண்டு: சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸ். கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்டது. அதன் இரண்டரை ஏக்கர் கூரையில் ஏறக்குறைய 17 லட்சம் செடிகளை நட்டார்கள். அவற்றை வைத்துக்கொண்டுபோன 50,000 தட்டுகளும் நம் தென்னை நாரில் செய்தவைதான். நார் மக்கிப்போனது, செடி வேர்பிடித்தது. சாதாரணக் கட்டடம் திறப்பு விழா அன்றுதான் அழகின் உச்சத்தில் இருக்கும், மறுநாளிலிருந்து தேய்மானம். உயிருள்ள கட்டடத்துக்கோ திறப்பு விழா அன்று தொட்டில் பருவம். அதைக் கட்டிமுடிப்பது கவனிக்க வருகிறவர்களின் கைகள்தான். அந்தக் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தால் அது நாளுக்கு நாள் பலப்படும். வரிசை அறுந்தால் எவ்வளவு பெரிய மேதை நட்டதும் பத்துப் பதினைந்து கோடையில் விறகு.

இங்கே டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் புதுக் குடியிருப்புகளுக்குக் கூரையில் புல், சுவரில் கொடி என்று விளம்பரம் வந்தால் எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இருபதாவது வருஷம் அங்கே கத்தரிக்கோல் பிடிக்கப்போவது யார், அவர் யாரிடம் கற்றுக்கொள்வார்?