பிடியும் பொறுப்பும்

கருவியின் உறுப்புகளுள் மனிதனுக்கு மிக நெருங்கியது அதன் பிடியேயாகும். அரிவாளின் வாய் கதிரைத் தொடும். உளியின் முனை மரத்தைத் தொடும். ஆனால், அரிவாளும் உளியும் மனிதனைத் தொடுமிடம் பிடி ஒன்றுதான். எண்ணம் செயலாக மாறும் வாயில் அது. அவ்வாயிலைச் செப்பனிட்டுத் தருபவனுக்கு, அதன் வழியே வெளிப்படும் செயலில் பங்கு உண்டா? இவ்வினாவை உரைத்துப் பார்க்க, ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கிக்குக் கைக்கேற்பப் பிடி அமைக்கும் தொழில் தகுந்ததோர் உரைகல்லாகும்.

தொழிற்சாலையில் உருவாகும் துப்பாக்கியின் பிடி எல்லார்க்கும் உரியது. ஆதலால் ஒருவர்க்கும் முழுமையாக உரியதன்று. எஃகுச் சட்டத்தின் இருபுறமும் இரண்டு மரத்துண்டுகள் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். சிறிய கையினர்க்கு அப்பிடி பருத்திருந்தால் சுட்டுவிரல் விசையை நேராக எட்டாது. விரல் பக்கவாட்டில் இழுக்க, குறி விலகும். பெரிய கையினர்க்கு மெலிந்திருந்தால், குண்டு புறப்படும்போது எழும் பின்னுதைப்பில் துப்பாக்கி உள்ளங்கைக்குள் புரளும். விசையைக் காக்கும் வளையம் நடுவிரலின் கணுவில் மோதும். இக்குறைகளைக் களைய விரும்பும் கைவினைஞன், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டிலிருந்து விசை வரையுள்ள தொலைவை அளக்கிறான். உள்ளங்கையின் குழிவை நிரப்ப மரத்தில் சிறு மேடு விடுகிறான். வால்நட் மரத்தையோ ஈட்டி மரத்தையோ, கரி பூசிய சட்டத்தின்மீது பொருத்திப் பார்த்து, கரி ஒட்டிய இடங்களை மட்டும் சிறிது சிறிதாகச் சீவுகிறான். வழுக்காதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் வெட்டி, ஆளிவிதை எண்ணெய் பூசி முடிக்கிறான். வேலை செம்மையாக முடிந்தால், துப்பாக்கி கையில் இருப்பதாகத் தோன்றாது. கையினின்று முளைத்ததாகவே தோன்றும்.

இத்திறமை தன்னளவில் குற்றமுடையதன்று. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1873-இல் வெளியிட்ட சுழல் துப்பாக்கியின் வளைந்த பிடிக்கு, உழவனின் மேழியையே உவமையாக்கி அந்நாட்டார் பெயரிட்டனர். சோறு விளைவிக்கும் கையும் சுடும் கையும் ஒரே வளைவை நாடுகின்றன. செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் விட்டுப்போன பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். பால்வெட்டும் தொழிலாளி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும்; அடியிலுள்ள உயிர்ப்படலத்தில் கத்தி பட்டால் மரம் புண்ணாகிவிடும். ஆண்டுக்கணக்கில் பற்றிப் பற்றி வழவழப்பேறிய பிடியே அவ்வளவான நுண்மையை அக்கைக்குத் தந்தது. பிடி பொருந்தினால் பிழை குறையும் என்பது எல்லாக் கருவிக்கும் பொது.

பொருத்தம் நன்மை பயத்தலும் உண்டு. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி டகாச், 1938-இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின், இடக்கையால் சுடப் பயின்று, 1948-இல் இலண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கைக்கும் கருவிக்கும் இடையே புதியதோர் உறவை உழைப்பால் உண்டாக்கிய வெற்றி அது. 2012-இல் டில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப்பின், கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களை முன்னிட்டு ஏறத்தாழ 500 கிராம் எடையில் ‘நிர்பீக்’ என்னும் சுழல் துப்பாக்கியை 2014-இல் வெளியிட்டது. ‘அஞ்சாமை’யைப் பெயராகக் கொண்ட அக்கருவி, அச்சமின்றி வாழும் உரிமையைத் தந்துவிடுமா என்று அப்போதே பலர் வினவினர். கைக்குப் பொருந்துவது வேறு. வாழ்வுக்குப் பொருந்துவது வேறு என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

பண்டைத் தமிழரும் இவ்வினாவின் விளிம்பில் நின்றிருக்கின்றனர். புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடுகையில், மகனைப் பெற்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்கல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும் உரியவை என்கிறார். அந்நூலிலேயே, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், பீலி சூட்டிக் காம்பு திருத்தி நெய்பூசி வைத்த அவன் படைக்கலங்களின் அழகைப் பாராட்டுவதுபோல் பழிக்கிறார். ஒரு பாட்டு, செய்தவனின் கடமையைச் செய்து தருதலோடு நிறுத்துகிறது. மற்றொன்று, செம்மையாக அமைந்த காம்பே பெருமையாகாது என்று உணர்த்துகிறது.

கொல்லனின் கடமை கொடுத்தலோடு முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேல் யார் கைக்குச் செல்கிறது என்பதை அச்சிற்றூர் முழுவதும் அறியும். தந்தை அவனைச் சான்றோனாக்கியிருந்தான்; வேந்தன் அவனுக்கு நன்னடை வகுத்திருந்தான். கேட்க வேண்டியவற்றை ஊரே கேட்டு முடித்திருந்தது. பேரளவில் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையோ எவர் கையையும் அறியாது. கைக்கேற்பப் பிடி செய்பவன் இவ்விருவர்க்கும் இடைப்பட்டவன். ஊர் அவனுக்காகக் கேட்டுவைக்கவில்லை. ஆயினும் அந்தக் கையை அவன் தன் கையால் பற்றி அளந்திருக்கிறான். அறியேன் என்று தொழிற்சாலை சொல்லலாம். விரலின் நீளத்தைக் குறித்துக்கொண்டவன் அவ்வாறு சொல்லுதல் எளிதன்று.

கையை அளப்பதால் நெஞ்சை அளக்க முடியுமா என்று ஒருவர் கேட்கலாம். முடியாதுதான். வருங்காலத்தை அறியுமாறு எந்த அறமும் கைவினைஞனைப் பணிக்கவில்லை. ஆனால், அறிய முடியாமை வேறு; கேளாமை வேறு. உரிமம் உண்டா, எதற்காக என்று கேட்பதும், விடை தகாததாயின் மறுப்பதும் அவன் ஆற்றலுக்கு உட்பட்டவை. கேட்ட பின்னும் ஏமாற்றப்பட்டால் பழி ஏமாற்றியவனையே சாரும். கேளாமல் செய்து கொடுத்தால், அதில் ஒரு பங்கு அவனை விட்டு நீங்காது.

கேளாமை கைவினைஞனுக்கு மட்டும் உரிய குறையன்று. 1948 ஜூன் 16-இல் பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து மலாயாவில் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தலுக்கே மரணதண்டனை விதிக்க அக்காலச் சட்டம் இடமளித்தது. தொழிற்சங்கத் தலைவரான தமிழர் எஸ். ஏ. கணபதி, ஒரு சுழல் துப்பாக்கியை வைத்திருந்ததற்காக 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையேனும் சுட்டாரா என்பதற்குச் சான்று அச்சட்டத்திற்குத் தேவைப்படவில்லை. இந்திய அரசு கருணை வேண்டியதும் பயன் தரவில்லை. மூன்று குடும்பங்களைக் கதறவைத்தவர்கள், எதிரில் நின்றவர் யார் என்று கேட்கவில்லை. அச்சத்தில் உறைந்த அரசோ, பற்றிய கை என்ன செய்தது என்று கேட்கவில்லை. துப்பாக்கியைப் பற்றியவர்க்கு எதிரில் நின்றவர் வெறும் குறியாகிவிட்டார்; சட்டத்திற்கு, பற்றியவர் வெறும் கையாகிவிட்டார்.

ஆகவே, பிடி அமைப்பவனின் அறம் மரத்தைச் சீவுவதில் இல்லை. சீவுமுன் வினவுவதில் இருக்கிறது. பொருத்தமான பிடி, கை தவறியது என்னும் சாக்கைப் பற்றியவனிடமிருந்து பறித்துவிடுகிறது. யாரென்று தெரியாது என்னும் சாக்கைச் செய்தவனிடமிருந்து பறித்துவிடுகிறது. மாணவனின் நாவிற்கேற்பச் சொல்லைச் செதுக்கித் தரும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். சொல்லும் பற்றுவோன் கையில் படைக்கலமாகக் கூடியதன்றோ? திறமையை வழங்குவோர் அனைவரும் யாருக்கு, எதற்கு என்னும் இரு வினாக்களையும் தம் கருவிப் பெட்டியின் மேல்தட்டிலேயே வைத்திருத்தல் வேண்டும்.