எழுத நேரமில்லையா?



விடியுமுன் ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டம் போய், இருட்டிய பின் வீடு திரும்புவோர் நம் பகுதியில் பலர். கணக்கை எழுதி வையுங்கள் என்றால், "நேரமேது, ஹஜ்ரத்?" என்கிறார்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கலாகாது, கடன்பட்டவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதலாம், சாட்சியும் வேண்டும்.

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட நாள் முதல் இப்னு உமர் (ரலி) அவர்கள் எழுதி வைக்காமல் ஓர் இரவும் கழித்ததில்லை.

மலையேறியவர் திரும்பாவிட்டால்? சொத்தைப் பங்கிடுமுன் கடனை அடைத்தாக வேண்டும். எழுத்தில்லையேல் வாரிசுகள் யாருக்கு, எவ்வளவு கொடுப்பார்கள்? பெட்டியிலுள்ள அமானித நகை யாருடையதென்று மனைவிக்கு எப்படித் தெரியும்?

இன்றிரவு இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, அமானிதம், விடுபட்ட ஜகாத் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அது இருக்குமிடத்தை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.