ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு

பூவிருந்தவல்லி நந்தவனத்தில் பூப்பறித்து, அதைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்துவது திருக்கச்சி நம்பியின் கைங்கரியம். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் ஆலவட்டம் வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. ராமானுஜருக்குச் சில ஐயங்கள் இருந்தபோது, பெருமாளிடம் கேட்டு வந்து பதில் சொன்னவரும் அவரே. அப்படிக் கிடைத்த ஆறு வார்த்தைகளில் ஒன்று, சரணாகதியே வழி என்பது. உயிர் போகிற நேரத்தில் நினைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இன்னொன்று.

நம்பி பூக்கூடையோடு போன அதே மேற்குத் திசையில்தான் இன்று பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை வந்து அதைத் தொடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் லோடு ஏற்றிய லாரிகள் இராப்பகலாக இந்த வழியாகத்தான் போகின்றன. அவற்றில் சிலவற்றில் இப்போது க்ரூஸ் கன்ட்ரோல் உண்டு. வேகம் 60க்கு வந்ததும் பட்டனை அழுத்திவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். மேடு வந்தால் டீசல் கூடும், இறக்கம் வந்தால் குறையும், வேகம் மட்டும் 60லேயே நிற்கும். (80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் ஸ்பீடு கவர்னர் வேறு சமாச்சாரம். அது வேகத்துக்கு உச்சவரம்பு போடும், க்ரூஸ் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும்.)

காலை எடுத்த பிறகு டிரைவருக்கு என்ன வேலை? நம்பி கொண்டுவந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். பாரத்தைப் பெருமாள்மேல் போட்டவனுக்கு, போட்ட பிறகு செய்ய ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குள் நுழைய நல்ல இடம், க்ரூஸ் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கும் பழைய லாரி. “செட் பண்ணா உடனே கட் ஆயிடுது” என்பதுதான் பெரும்பாலும் டிரைவர் சொல்லும் புகார். விவரம் தெரிந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் பெட்டியைக் குறை சொல்லமாட்டார். ஃப்யூஸைப் பார்ப்பார். ஓடும்போது ஸ்பீடாமீட்டர் முள் துள்ளுகிறதா என்று கேட்பார். துள்ளினால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்பீடு சென்சார் மேல் சந்தேகம். கிளட்ச் சுவிட்சைச் சோதிப்பார். பிறகு பிரேக் சுவிட்ச்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் கேபினில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, பையன் ஒருவன் பின்னால் நின்று குரல் கொடுப்பான்: “எரியுதுண்ணே… இப்ப அணைஞ்சிடுச்சு… இல்ல, இன்னும் லேசா எரியுதுண்ணே.” அந்த ‘லேசா எரியுது’தான் நோய். பெடலிலிருந்து கால் எடுத்தாயிற்று. ஆனால் தேய்ந்துபோன சுவிட்ச், கால் இன்னும் பிரேக்கில்தான் இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதித்திருப்பதாகத் தகவல் வந்தால் க்ரூஸ் வேகத்தைப் பிடிக்காது. பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் பின்னால் இருக்கும் பிரேக் பல்புகள் போனாலே க்ரூஸ் நின்றுவிடும்.

இதைப் பழுது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சந்தேகம் வந்தால் பொறுப்பை மனிதனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தக் கருவிக்கு விதித்திருக்கிறார்கள். அது விதிப்படி நடக்கிறது. சுவிட்ச் கொடுக்கும் தகவல்தான் தப்பு.

க்ரூஸ் கன்ட்ரோலை உருவாக்கியவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். படித்துப் பொறியாளரானார். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே வண்டி ஓட்டும்போது வேகம் கூடுவதும் குறைவதுமாக இருந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கல் பொறுக்காமல் போனதும்தான் தொடக்கம் என்பார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. சாலையையே பார்க்க முடியாத ஒருவர், சாலையைப் பார்க்காத ஒரு கருவியைச் செய்தார். அதை நம்பிக் கண்ணை மூடலாம் என்று அவர் செய்யவில்லை.

பாரத்தை விட்டவனுக்கு வேலை உண்டா என்ற அந்த விவாதத்துக்கு வைணவத்தில் இரண்டு குட்டிகள் உவமை. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் தாவினாலும், பிடித்துக்கொள்வது குட்டியின் பொறுப்பு. வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், அருளைப் பெற நம் பக்கமிருந்து ஒரு சிறு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, வேண்டும் என்றார்கள். பூனைக்குட்டி எதுவும் செய்யாது. தாயே வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார், வருகிற அருளை விலக்காமல் இருந்தாலே போதும் என்றார்கள். இரு தரப்பாருமே சோம்பலுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் இல்லை. பாரத்தை விட்டவன் அதற்குப் பிறகும் கைங்கரியம் செய்துகொண்டே இருப்பான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நம்பியே அதற்குச் சாட்சி. பெருமாளோடு நேரில் பேசியவர், பூப்பறிப்பதையும் விசிறுவதையும் விடவில்லை.

லாரிக்கு வந்தால், பூனைக்குட்டியாக இருக்க அங்கே வழியே இல்லை. காரணம் எளிது. சரணாகதிக்கு உரியவன் யார் என்று சொல்லும்போது ஆசாரியர்கள் அவனுடைய குணங்களை அடுக்குகிறார்கள்: எல்லாம் அறிந்தவன், எல்லாம் வல்லவன், வாத்சல்யம் உள்ளவன். பழைய க்ரூஸ் கன்ட்ரோலுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும், வண்டியின் வேகம். முன்னால் திடீரென்று நிற்கும் ஷேர் ஆட்டோ அதற்குத் தெரியாது. திருமழிசையில் குழந்தையோடு சாலையைக் கடக்கும் அம்மாவும் தெரியாது. அறிவும் கருணையும் இல்லாத ஒன்றிடம் வேலையைக் கொடுக்கலாம், பாரத்தை விட முடியாது. அதனிடம் போய்ச் சேர்வது காலின் வலி மட்டும்தான். பொறுப்பு கேபினிலேயே இருக்கிறது.

ஆகவே, ஒர்க்‌ஷாப்பில் நடக்கக்கூடிய பெரிய தப்பு, சுவிட்சை மாற்றாமல் ஒரு ஒயரை வெட்டி ஒட்டி, பிரேக் மிதிக்கவே இல்லை என்று வண்டியை எப்போதும் நம்பவைப்பது. க்ரூஸ் அப்புறம் அழகாக வேலை செய்யும். ஆனால் பிரேக்கை மிதித்தால் விட்டுவிட வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல இருந்த வாயைக் கட்டியாயிற்று. காவலுக்கு வைத்ததையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு ஃபோர்டு கம்பெனியின் அனுபவம் இருக்கிறது. பிரேக் மிதித்ததும் க்ரூஸைத் துண்டிக்க வைத்த சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, சாவியை எடுத்து நிறுத்திவைத்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன. அந்த சுவிட்சுக்கு எந்நேரமும் கரண்ட் போய்க்கொண்டிருந்ததே காரணம். 2009 அக்டோபரில் மட்டும் 45 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அழைத்தவற்றையும் சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும்.

இன்று இரவு பூவிருந்தவல்லி தாண்டிப் போகிற அண்ணன்மார்களுக்கும் லாரி ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். க்ரூஸ் கட் ஆனால் ஒயரை ஒட்டச் சொல்லாதீர்கள். கிளம்புமுன் பையனைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கால் எடுத்த பிறகும் லேசாக எரிந்தால், சுவிட்சை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.