காட்டாறும் தவக்குலும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியிலுள்ள நம் வாலிபப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. வேன் பிடித்துக்கொண்டு செண்பகத்தோப்புப் பக்கமோ, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர்ப் பக்கமோ கிளம்பிவிடுகிறார்கள். படைப்பைப் பார்த்துப் படிப்பினை பெறச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்தவர்கள் மலையையும் காட்டையும் காணப் போவதில் குற்றம் ஏதுமில்லை. வழியில் காட்டாறு குறுக்கிடும்போதுதான் மஸ்அலா பிறக்கிறது. தரைப்பாலத்தின் மேல் செந்நீர் புரண்டு ஓடுகிறது. திரும்பிவிடலாம் என்கிறார் ஒருவர். மற்றவரோ, "உமக்குத் தவக்குல் இல்லையா? மவுத்து எழுதியிருந்தால் கட்டிலில் படுத்திருந்தாலும் வரும். பிஸ்மி சொல்லி வண்டியை விடும்!" என்கிறார். இது ஈமானா, முரட்டுத்தனமா?

நம் மலையின் இயல்பை முதலில் அறிய வேண்டும். ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உச்சியில் பெய்த மழை ஓடைகளில் திடீரென்று இறங்கிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் அப்படி வந்த வெள்ளத்தில் மனித உயிர்கள் பலியாயின. 2021 முதல் புலிகள் காப்பகமாக உள்ள இந்தக் காட்டில், மழை நாளில் காட்டிலாகாவினர் பாதையை மறிப்பது நம்மை வதைப்பதற்காக அன்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் எல்லோருக்கும் பாடமாயிற்றே, அதை இங்கு விரிக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஷாம் தேசத்திற்குப் புறப்பட்டவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்கு என்னுமிடத்தில் கேள்வியுற்றுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். இதுவும் அவனுடைய விதியை நோக்கிச் செல்வதே என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பு, மறுகரை வறட்சி. எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிப்படியே மேய்க்கிறோம் என்று உவமையும் காட்டினார்கள். அப்படியானால் வண்டியைத் திருப்புவதும் கத்ரில் உள்ளதுதானே?

"நான் பலமுறை கடந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பாரும் உண்டு. பிழைத்து வந்தது அல்லாஹ்வின் கிருபைக்குச் சான்று. செய்தது சரி என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?

இன்னொரு வாதம் இதைவிட ஆபத்தானது. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் ஒருவர் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஆகவே நஷ்டமில்லை என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இதை நுணுகி ஆராய்ந்துள்ளார்கள். மூழ்குவதற்குக் காரணமான செயலே பாவமாக இருக்குமானால், உதாரணமாகக் கடும் புயல் வேளையில் கப்பலைச் செலுத்தினால், அந்தப் பதவி கிட்டாது என்று எழுதியிருக்கிறார்கள். அன்று கப்பல், இன்று வேன், தண்ணீர் ஒன்றுதான்.

பின் இருக்கையில் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. ஒருவர் தம் உள்ளத்தால் வைப்பதே தவக்குல். பிறர் உயிரைப் பணயம் வைத்து அவர்களுக்காக இவர் தவக்குல் வைக்க முடியாது. அந்த உயிர்கள் ஓட்டுநரின் கையில் அமானிதம். ஏறியிருப்பவர்கள் வற்புறுத்தினாலும் மறுப்பது அவர்மீது கடமை. வாடகை போய்விடுமே என்று அஞ்சும் ஏழை ஓட்டுநரைத் துரத்துகிறவர்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு.

வெள்ளம் வடியக் காத்திருக்கையில் தொழுகை நேரம் வந்தால் தயம்மும் தேட வேண்டாம். மண் கலந்து நிறம் மாறினாலும், நீராக ஓடும்வரை அதில் ஒளு கூடும். ஆனால் ஆற்றில் இறங்காமல் கரையில் நின்று மொண்டு செய்ய வேண்டும். இராஜபாளையத்திலிருந்து புனலூருக்குப் போகிறவர் கஸ்ரு தொழலாம், தொலைவு போதுமானது. அவர் ஷாஃபிஈயாக இருந்தால் லுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபீகளுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை. செண்பகத்தோப்போடு திரும்புகிறவர் நான்கு ரக்அத்தையும் முழுமையாகவே தொழ வேண்டும்.