ஓய்வுக்குப் பின் ஓர் ஊழியம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, பணி ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் சபை ஊழியத்துக்காக நியூயார்க்குக்குக் கிளம்புகிறார்கள். 1830-ல் தோன்றிய மார்மன் சபையில் இது பழகிப்போன காட்சி. சம்பளம் கிடையாது, செலவும் பெரும்பாலும் அவர்களுடையதே.

வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிரசங்கிக்கும்படி மூத்த தம்பதியரைச் சபை கேட்பதில்லை. அது சபை ஊழியத்துக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகளின் வேலை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே பல தம்பதியரின் அன்றாடம். சுரங்க ரயில் நிலையப் படிகளில் கைப்பிடியைப் பற்றி இறங்கி, ஊரின் மறுகோடிக்குப் போய், வாடகை கட்டியாயிற்றா, புகை அலாரம் வேலை செய்கிறதா, அடுப்படி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காய்ச்சலில் படுத்தவனை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வந்த பையனுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். லிஃப்ட் இல்லாத நான்காம் மாடிக்கு ஏறும் முழங்காலுக்கு வலி தெரியாமலா இருக்கும்?

மதப் பிரசாரம் பற்றி நமக்கு எந்தக் கருத்தும் இருக்கட்டும். நான் மதிப்பது அந்த வயதின் துணிவை. பேரக்குழந்தையின் பிறந்தநாளைக் காணொலி அழைப்பில்தான் பார்க்க முடியும். ஆனால், ஆயுள் முழுக்கத் தனித்தனி வேலைக்குப் போன இருவர், இப்போதுதான் ஒரே வேலையைச் சேர்ந்து செய்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

பணிக்காலம் 6 முதல் 23 மாதம். முடித்து ஊர் திரும்புவோரில் பலர் மறுபடியும் விண்ணப்பிக்கிறார்கள்.